தறியும் வரைகோலும்
(படிப்பு வட்டங்களுக்கான பாடக் கட்டுரை)

நம் அங்கத்தினர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. முதலாவது, வயதில் மூத்த நெசவாளர்கள் கேட்பது: "தறிமேடையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குச் சித்திரப் பள்ளிக்கூடம் எதற்கு?" இரண்டாவது, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் கேட்பது: "டிசைன் கல்லூரியில் சேர வேண்டுமென்று மகள் பிடிவாதம் செய்கிறாள். அங்கே படித்தவர்கள் திரும்பித் தறியின் பக்கம் வருவதில்லையே, அந்தப் படிப்பால் நமக்கு என்ன பயன்?"

இரண்டும் நியாயமான கேள்விகளே. சித்திரக் கல்வி நல்லது என்று பொதுவாகப் புகழ்ந்துவிட்டால் இவற்றுக்கு விடை கூறியதாகாது. அக்கல்வி எது, எந்த நிலையில் அது பயன் தருகிறது, எந்த நிலையில் பயனற்றுப் போகிறது, காலப்போக்கில் அதன் தரம் எவ்வாறு மாறியிருக்கிறது என்பனவற்றை வரிசையாக ஆராய்வோம்.

வட்டம் முட்டையானது எப்படி?

நமக்குப் பழக்கமான ஒரு சங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறுகிறோம். நகரத்திலிருந்து ஒரு வியாபாரி வழியாகப் புதிய சேலைக் கரைக்கு மாதிரிப் படம் ஒன்று வந்தது. ஓர் அங்குல அகலமுள்ள வட்டப் பூக்கள் வரிசையாக அமைந்த அழகிய படம். அதைக் கட்டத்தாளில் ஏற்றி, அட்டை குத்தி, ஜக்கார்டில் பூட்டி நெய்தார்கள். துணியில் வந்தது வட்டமன்று. நெட்டுக்குத்தாக நின்ற முட்டை வடிவம். வியாபாரி சரக்கைத் திருப்பிவிட்டார்.

நிர்வாகக் குழு கூடி விசாரித்தது. "நான் வரைந்தது வட்டமே" என்றார் படம் வரைந்தவர். "தாளில் உள்ளபடியே குத்தினேன்" என்றார் அட்டை குத்தியவர். "அட்டையில் உள்ளபடியே நெய்தேன்" என்றார் நெசவாளர். மூவர் சொன்னதும் உண்மை. ஆயினும் நஷ்டத்தின் பெரும்பகுதி கூலியில்தான் விழுந்தது. நெய்தவர்கள் பாதிக் கூலியோடு வீடு திரும்பினார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது? அந்தச் சேலையில் அங்குலத்துக்குப் பாவு இழை 80. ஊடை இழை 60. படம் வரைந்தவர் சதுரக் கட்டமுள்ள தாளில் அகலம் 60 கட்டம், உயரம் 60 கட்டம் என்று வட்டம் அமைத்திருந்தார். துணியில் 60 பாவு இழை முக்கால் அங்குலமே அகலம் பிடிக்கும். 60 ஊடை ஓர் அங்குல உயரம் பிடிக்கும். ஆகவே வட்டம் ஒடுங்கி முட்டையாயிற்று. கட்டத்தாளை எட்டுக்கு ஆறு என்ற விகிதத்தில் கோடிட்டு, அகலத்தில் 80 கட்டமும் உயரத்தில் 60 கட்டமுமாக வரைந்திருந்தால் துணியில் சரியான வட்டம் கிடைத்திருக்கும்.

இதில் நம் மனத்தை உறுத்தும் செய்தி வேறொன்று உண்டு. முதற் சேலையில் நான்கு விரற்கடை நெய்தபோதே பூ கோணுகிறது என்று ஒரு முதிய நெசவாளர் கண்டுகொண்டார். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது, "என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தாளில் எங்கே பிழை என்று காட்ட எனக்குத் தெரியாதே, ஐயா" என்றார். படம் வரைந்தவருக்குத் தறி தெரியாது. தறி தெரிந்தவருக்குப் படத்தின் மொழி தெரியாது. இவ்விருவருக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் கூலி விழுந்து மறைந்தது. சித்திரக் கல்வியின் மதிப்பு என்பது இந்தப் பள்ளத்தை நிரப்புவதன் மதிப்பேயாகும்.

சித்திரக் கல்வி என்பது யாது?

பூவும் கொடியும் மயிலும் அழகாக வரையக் கற்றல் மட்டுமே சித்திரக் கல்வி என்று பலர் எண்ணுகின்றனர். அது அதன் ஒரு பகுதியே. நெசவாளருக்கு வேண்டிய சித்திரக் கல்வியில் நான்கு பாடங்கள் உண்டு.

முதலாவது அளவு. மேலே கூறிய வட்டத்தின் கணக்கு இதைச் சார்ந்தது. 240 கொக்கியுள்ள ஜக்கார்டில், கொக்கி ஒன்றுக்கு இழை ஒன்றாக, அங்குலத்துக்கு 80 இழை என்றால், உருவின் அகலம் 3 அங்குலத்துக்குமேல் போக இயலாது. ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று ஆதலால், அங்குலத்துக்கு 60 ஊடை வீதம் 8 அங்குல உயரமுள்ள உருவுக்கு 480 அட்டைகள் வேண்டும். படத்தின் உயரம் கூடக்கூட அட்டைச் செலவும் கூடுகிறது என்பதை வரையும்போதே அறிந்தவன் வீண்செலவு வைக்கமாட்டான்.

இரண்டாவது நிறம். வண்ணக் குழம்பில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை பிறக்கும். நீலப் பாவில் மஞ்சள் ஊடை போட்டால் அத்தகைய தெளிந்த பச்சை பிறப்பதில்லை. சற்று மங்கிய, சாம்பல் கலந்த நிறமே தோன்றும். நூலில் நிறங்கள் கரைந்து ஒன்றாவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணில் கலக்கின்றன. மயில்கழுத்து நிறச் சேலை அசையும்போது ஒளிர்வதன் இரகசியமும் இதுவே.

மூன்றாவது பொருள், அதாவது நூலின் இயல்பு. தாளில் ஓர் அங்குல அகலத்துக்கு ஒரே நிறத்தை நிரப்பிவிடலாம். துணியில் அப்படியே விட்டால் 80 இழைகளின்மேல் ஊடை கட்டின்றி மிதக்கும். கை வளையலில் மாட்டி அறுந்துபோகும். இடையிடையே கட்டு வைக்க வேண்டும். அந்தக் கட்டையே ஒரு நுண்ணிய அழகாக அமைப்பதுதான் தேர்ச்சி.

நான்காவது பயன். இந்தத் துணியை உடுத்துபவர் யார், எத்தனை முறை துவைப்பார், என்ன விலை கொடுப்பார், முந்தானை எந்தப் பக்கம் விழும் என்று எண்ணிப் பார்ப்பது. இவ்வெண்ணம் இல்லாத சித்திரம் சுவரில் மாட்டத் தகுந்ததாகலாம், உடுத்தத் தகுந்ததாகாது.

நிறத்தைப் பற்றிய பாடம் தறியிலிருந்தே பள்ளிக்குச் சென்றது என்பதை அங்கத்தினர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். பாரிஸ் நகரத்தில் கோப்லேன் என்னும் புகழ்பெற்ற சித்திரக் கம்பள நெசவுச்சாலை இருக்கிறது. அங்கே சாயப் பகுதிக்கு 1824-இல் தலைமை ஏற்ற ஷெவ்ரேல் என்ற இரசாயன அறிஞரிடம், கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் நின்றமையால் கறுப்பு வெளுத்ததுபோல் கண்ணுக்குத் தோன்றியது! ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தோன்றும் விதியை அவர் விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். ஓவியர்கள் பிற்காலத்தில் அதைப் போற்றிக் கற்றனர். நெசவுச்சாலையில் பிறந்த ஒரு புகார் ஓவியக் கல்வியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாயிற்று.

பழைய பயிற்சி: நிறையும் குறையும்

நம் முன்னோர்க்குச் சித்திரக் கல்வி இல்லாமல் இல்லை. தகப்பன் அருகே அமர்ந்து, முதலில் இழை எடுத்துக் கொடுத்து, பிறகு நாடா வீசி, பின்னர் கோர்வைக்குக் கைகொடுத்து, ஆண்டுக் கணக்கில் பழகும் முறையே அன்றைய பள்ளி. கை, கண், காது மூன்றும் அதில் சேர்ந்து கற்றன. அச்சு அடிக்கும் ஓசையிலேயே ஊடை நெருக்கத்தை அறியும் திறமை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆயினும் அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கல்வி குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் அடைபட்டிருந்தது. நூல் இழைத்துத் தார் சுற்றிய பெண்களுக்கு உருவமைக்கும் வித்தையைச் சொல்லித் தருவோர் குறைவு. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டோர் சுமார் 35 இலட்சம் பேர்; அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். அவர்களுக்கு எட்டாத கல்வியை முழுமையான கல்வி என்று எப்படிக் கூறுவது? மேலும், 'ஏன்' என்று கேட்கும் வழக்கம் பழைய முறையில் இல்லை. 1869 முதல் செயற்கைச் சிவப்புச் சாயமும், 1897 முதல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக வந்த சாய அறிவு பயனற்றதென்று தள்ளப்பட்டது. எழுதி வைக்கப்படாமையால் அதில் பெரும்பகுதி மறைந்தே போயிற்று.

பள்ளிகள் வந்த வரலாறு

சென்னையில் 1850-ஆம் ஆண்டு டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் சித்திரப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசாங்கம் அதை ஏற்று நடத்தியது. இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. சித்திரத்தையும் கைத்தொழிலையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்க முயன்றது அதன் சிறப்பு. மேனாட்டு வார்ப்புருவங்களைப் பார்த்து வரையும் பழக்கம் ஆதிக்கம் செலுத்தியது அக்காலச் சித்திரப் பள்ளிகளுக்குப் பொதுவான குறை.

அதே காலத்தில் இலண்டனில் வேறொரு காரியம் நடந்தது. 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாகப் புத்தகம் அமைத்தார். இருபது பிரதிகள் தயாராயின. அவற்றில் 13 பிரிட்டனில் வைக்கப்பட்டன, 7 இந்தியாவுக்கு வந்தன. தென்னாட்டு நெசவும் அதில் உண்டு. பிரிட்டிஷ் ஆலை முதலாளிகள் நம் துணிகளைக் கற்று, நமக்கே விற்கத் தக்க துணி செய்வதற்கான பாடப்புத்தகம் அது! சித்திரக் கல்வியின் மதிப்பை நம்மைவிட நம் போட்டியாளர்கள் முன்னதாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஜெர்மனியில் 1919-இல் தோன்றிய பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளி ஒரு நல்ல முறையைக் கையாண்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் வடிவம் கற்பிக்கும் கலைஞர், மற்றவர் தொழில் கற்பிக்கும் கைவினைஞர். பின்னாளில் அங்கே நெசவுக்கூடத்தைத் தலைமையேற்று நடத்திய குண்டா ஸ்டோல்ஸல் என்ற அம்மையார் அதே பள்ளியில் பயின்றவர். 1933-இல் அப்பள்ளி மூடப்பட்டது. இரண்டு ஆசிரியர் என்ற கருத்து மட்டும் அழியவில்லை.

நம் நாட்டில் அந்தக் கருத்துக்கு மிக நெருங்கி வந்தவை 1956 முதல் தோன்றிய நெசவாளர் சேவை நிலையங்கள். புபுல் ஜெயகர் அம்மையாரின் முயற்சியால் எழுந்த இந்நிலையங்களில் ஓவியர், சாய நிபுணர், நெசவாளர் மூவரும் ஒரே இடத்தில் வேலை செய்தனர். கே. ஜி. சுப்ரமணியன், பிரபாகர் பர்வே போன்ற பெயர்பெற்ற ஓவியர்கள் அங்கே பணியாற்றியவர்களே. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் அந்நிலையங்கள் உள்ளன. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் நடந்து வருகிறது. 1958-இல் சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், நம் வீடுகளில் புழங்கும் செம்பை எடுத்துக்காட்டி, பல தலைமுறைகள் சேர்ந்து வடித்த வடிவம் அது என்று பாராட்டினர். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் எழுந்தது. 1986-இல் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிலையம் தொடங்கியது. சென்னையிலும் அதன் கிளை உண்டு. இப்போது தனியார் கல்லூரிகளும் ஏராளமாக இருக்கின்றன.

தரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா?

இவ்வரலாற்றைப் பார்த்தால், உயர்ந்தும் இருக்கிறது, தாழ்ந்தும் இருக்கிறது என்பதே நேர்மையான விடை.

உயர்ந்தவை எவை? கதவு அகலத் திறந்திருக்கிறது. எந்தக் குடும்பத்துப் பிள்ளையும், பெண்ணும் ஆணும், இன்று இக்கல்வியை நாடலாம். கட்டத்தாளில் வாரக் கணக்கில் புள்ளியிட்ட வேலையைக் கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் முடிக்கிறது. எட்டுக்கு ஆறு என்ற விகிதத்தைச் சொல்லிவிட்டால் அதுவே வட்டத்தைத் திருத்திக் கொடுக்கிறது. பிற நாட்டு நெசவையும் பழங்காலத் துணியையும் வீட்டிலிருந்தே கண்டு கற்க முடிகிறது.

தாழ்ந்தவை எவை? தறியோடு இருக்கும் நேரம் சுருங்கிவிட்டது. திரையில் தோன்றும் நிறத்தை நிறம் என்றும், திரையில் தோன்றும் துணியைத் துணி என்றும் நம்பும் மாணவர்கள் வெளிவருகின்றனர். விகிதத்தைச் சொன்னால்தானே கம்ப்யூட்டர் திருத்தும்? அதைச் சொல்லத் தெரியாதவருக்கு அது முட்டையையே விரைவாக வரைந்து தரும். கட்டணம் உயர்ந்தமையால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வெளியே நிற்க, கிராமத்தில் சில நாள் தங்கிப் படம் பிடித்துச் செல்லும் பயிற்சி சில இடங்களில் 'தொழிலறிவு' என்று பெயர் பெறுகிறது.

ஆகவே பழையது நல்லது, புதியது கெட்டது என்று கூறுவது தவறு. வடிவம் தெரிந்தவரும் தறி தெரிந்தவரும் ஒன்றாக அமர்ந்த இடத்தில் தரம் உயர்ந்தது. இருவரில் ஒருவர் இல்லாத இடத்தில் தரம் தாழ்ந்தது. இதுவே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் விதி.

கட்ச் பகுதியில் 2005 முதல் நடந்துள்ள முயற்சி ஒன்றை இங்கே நினைவுகூரலாம். கலா ரக்ஷா வித்யாலயா என்ற பள்ளியில், தொழிலில் ஈடுபட்டிருக்கும் கைவினைஞர்களே மாணவர்கள். ஓராண்டில் இரண்டிரண்டு வாரமாகச் சில வகுப்புகள். இடையில் வீட்டுக்குச் சென்று தம் தறியிலும் துணியிலும் பயிற்சி. நிறம், வடிவம், சந்தை, ஒரு தொகுதியை முழுமையாக அமைத்தல் என்று பாடங்கள் வகுக்கப்பட்டன. கூலியை முற்றிலும் இழக்காமல் கற்கும் வழி இது. நம் பகுதிக்கும் பொருந்தக் கூடியது.

விவசாய அங்கத்தினர்க்கு இதில் என்ன?

பருத்தி பயிரிடுவோர் இதை நெசவாளர் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். இழை நீளமான பருத்தியிலிருந்தே மெல்லிய, உயர்ந்த நம்பர் நூல் கிடைக்கிறது. நூல் மெலிந்தால்தான் துணியில் கோடும் நுண்மையாகும். எனவே, சேலைக் கரையில் வரும் கொடியின் மென்மை காட்டில் விதை தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. மறுபுறம், கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் தடித்த நூலுக்கு அதற்கேற்ற வடிவம் கண்டால் அதற்கும் தனி மதிப்பு உண்டு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் அவுரி பயிரிட்டு நீலக்கட்டி எடுப்போருக்கும், அந்நீலத்தை அறிந்து வடிவமைக்கும் நெசவாளரே நிலையான வாடிக்கையாளர்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

கூட்டுறவுக்கு வழிகாட்டிய ராச்டேல் முன்னோடிகள் 1844-இல் 28 பேராகக் கூடியபோது அவர்களுள் கம்பளி நெசவாளர்களும் இருந்தனர். கடையில் மாவும் வெண்ணெயும் விற்ற அந்த ஏழைகள் பத்தாண்டுக்குள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை கல்விக்கென ஒதுக்கினார்கள். வாசகசாலையும் நூல்நிலையமும் வைத்தார்கள். நம் சட்டத்திலும் கூட்டுறவுக் கல்வி நிதி உண்டு. அதைச் செலுத்திவிட்டால் கல்விக் கடமை முடிந்தது என்று சங்கங்கள் கருதலாகாது. நாம் கூறும் யோசனைகள் நான்கு.

ஒன்று: ஒவ்வொரு சங்கமும் மாதிரித் துணிப் புத்தகம் ஒன்று தொடங்குக. நெய்த ஒவ்வொரு ரகத்திலும் நான்கு அங்குலத் துண்டு ஒட்டி, நூல் நம்பர், பாவு ஊடைக் கணக்கு, சாயம், கொக்கி எண்ணிக்கை, நெய்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதுக. 1866-இல் அந்நியர் நம்மைக் கற்பதற்குச் செய்ததை, நாம் நம்மைக் கற்பதற்கு இன்னும் செய்யாதிருப்பது முறையன்று.

இரண்டு: ஆண்டுதோறும் இரண்டு இளைஞர்களை, அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கும்படி, பயிற்சிக்கு அனுப்புக. பயிற்சிக் காலத்தில் இழக்கும் கூலியைச் சங்கம் ஈடுசெய்க. கூலியை இழந்து கல்வி கற்கச் சொல்வது ஏழையைப் பரிகசிப்பதாகும்.

மூன்று: வெளியிலிருந்து வடிவம் வாங்கினால், வரைந்தவர் தறிக்கு வந்து முதல் மாதிரியை நெசவாளருடன் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுக. மாதிரி திருத்தப்படும்வரை பெரிய அளவில் நெய்யலாகாது. முதிய நெசவாளரைக் 'கேட்பது' ஒரு விதியாகட்டும்.

நான்கு: புதிதாக அமைத்த வடிவத்தைச் சந்தைக்கு விடுமுன் பதிவு செய்க. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி முதலில் பத்தாண்டும், புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. முன்பே வெளிவந்த வடிவத்துக்கு இவ்வுரிமை இல்லை. பரம்பரை ரகங்களுக்குப் புவிசார் குறியீட்டுச் சட்டம் வேறாக இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. வடிவம் பிறருடையதாக இருக்கும்வரை நெசவாளருக்குக் கிடைப்பது கூலி. வடிவம் தம்முடையதாகும்போது கிடைப்பது விலை. கூலிக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கடப்பதற்கே நம் சங்கங்கள் தோன்றின.

தொடக்கத்தில் கேட்ட பெற்றோருக்கு நம் விடை இது: மகளைப் படிக்க வையுங்கள்; ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் அங்கே தறி உண்டா, எத்தனை மணி நேரம் அதில் அமர்த்துகிறார்கள், கற்பிப்போரில் நெசவாளர் ஒருவரேனும் உண்டா என்று கேளுங்கள். முதிய நெசவாளருக்கு நம் விடை: தங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்பது உண்மையாக இருக்கலாம், ஐயா, பள்ளிக்கூடத்துக்குத் தாங்கள் வேண்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. அங்குலத்துக்குப் பாவு 72, ஊடை 48 உள்ள துணியில் 2 அங்குல வட்டப் பூ அமைக்க எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை வேண்டும்? கொக்கி ஒன்றுக்கு இழை ஒன்றாக 240 கொக்கியில் எத்தனை பூக்கள் அருகருகே அடங்கும்? (விடை: 144 பாவு, 96 ஊடை, ஒரு பூவே அடங்கும்.)

2. நம் சங்கத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த புதிய வடிவங்கள் எவை? அவற்றை வரைந்தவர் யார்? திரும்பி வந்த சரக்கின் நஷ்டம் யார் தலையில் விழுந்தது?

3. நம் ஊரில் எழுதி வைக்கப்படாமல் ஒருவரோ இருவரோ மட்டுமே அறிந்திருக்கும் நெசவு நுட்பம் எது? அதை அவரிடமிருந்து கற்க இவ்வாண்டு யாரை அனுப்பப் போகிறோம்?

மூன்றாவது கேள்விக்குரிய பெயரை வட்டம் கலையுமுன் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.